ஹெரால்டு காரின் எட்டாவது தட்டு

அத்தியாயம் 5

"இது எஞ்சின் சத்தம் இல்ல மேடம். என்னைக் கொல்ல வந்த சத்தம்" என்றார் வசந்தகுமார்.

சொல்லிவிட்டு எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் உருப்படி. விழுவாரா மாட்டாரா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. சிலருக்கு எல்லாமே தாங்குகிறது.

கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். துப்பறிகிறவர் திலகவதி. ஆரம்பாக்கத்தில் நெல் வயல் இருக்கிற குடும்பம். இருபது வருஷம் இன்ஷூரன்ஸுக்காக மோதிய வண்டிகளைப் பரிசோதித்து, எது விபத்து எது பொய் என்று பிரித்துச் சொன்னவர். நான் அந்தோணி, மீஞ்சூர்க்காரன். வண்டி ஓட்டுவது, நோட்டில் குறிப்பது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது, மூன்றும் என் வேலை.

வசந்தகுமாரை எனக்கு முன்பே தெரியும். பிடிக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில் அவருடையது. ஆடி மாதம் அங்கே சுப்பராயன் என்கிற தொழிலாளி செத்தார். மேலே தூக்கிய ஒரு டன் இரும்பு உருளை அவர்மேல் விழுந்தது. 'குடிபோதையில் வேலைக்கு வந்து சங்கிலியைத் தவறாக இழுத்ததால்' என்று மில் எழுதிக் கொடுத்தது. என் அப்பாவும் அவரும் பத்து வருஷம் ஒரே ரயில் பெட்டியில் வேலைக்குப் போனவர்கள். கல்யாண வீட்டில்கூட சுப்பராயன் கிளாஸைத் தொட்டதில்லை. இன்றைக்கு மூன்று மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் மில்லுக்கு வந்து அந்த ஃபைலில் கடைசிக் கையெழுத்துப் போடப்போகிறார். போட்டுவிட்டால் அந்த மனிதர் என்றைக்கும் குடிகாரர்தான்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்றார் திலகவதி அக்கா.

"ஆயுத பூஜை அன்னைக்கு. மில்லுல மெஷினையெல்லாம் கழுவும்போது என் ஹெரால்டையும் ஆளுங்க கழுவி, மாலை போட்டு நிறுத்தினாங்க. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினேன். டக்டக்னு கேட்டுது. பழம் நசுங்குற சத்தம்னு நெனச்சேன். கேட்டைத் தாண்டியும் கேட்டுது."

"மெக்கானிக்கிட்ட காட்டலையா?"

"நாலு பேர் பார்த்தாச்சு. ஒருத்தன் டாப்பெட்டுன்னான். ஒருத்தன் டைமிங் செயின்னான். மூணாவது ஆள் எஞ்சினையே இறக்கி ஏத்தினான். நாலாவது ஆள் திருஷ்டின்னு சொல்லிப் பூசணிக்காய் உடைச்சான்."

"பூசணிக்காய்க்கு எத்தினி கிலோமீட்டர் வாரண்டி குடுத்தான் சார்?" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்காமலே என் காலை மிதித்தார்.

வசந்தகுமார் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்கி நாளாகியிருக்கும். "யாரோ வேணும்னே செஞ்சிருக்கான். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பேர் வேணும். போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லி வெச்சிருக்கேன். உள்ள போனவன் சுலபத்துல வெளிய வரக் கூடாது."

"சத்தத்தைக் கேக்கலாம் வாங்க" என்று அக்கா எழுந்தார்.

கீழே நின்றது அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, வெண்ணெய் நிறம், கண்ணாடி மாதிரி பாலீஷ். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோடு சேர்ந்து, டாக்டரிடம் 'ஆ' காட்டுகிற பிள்ளை மாதிரித் திறந்துகொள்ளும். வசந்தகுமார் ஓட்ட, நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம்.

ஜி.என்.டி. ரோட்டில் ஒன்றும் கேட்கவில்லை. லாரி இரைச்சலில் ஊர்வலமே போனாலும் கேட்காது. பஜார் சந்துக்குள் திரும்பி வேகம் நடைக்கு இறங்கியதும் ஆரம்பித்தது. டக், டக், டக். நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு தட்டு. பிறகு ஒரு தட்டு வரவேண்டிய இடத்தில் வெறுமை. மறுபடி ஏழு.

அந்த வெறுமை வந்தபோதெல்லாம் வசந்தகுமார் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஹெரால்டின் கூரையில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அதுவும் எரியவில்லை.

"சரி, நிறுத்துங்க. நீங்க மில்லுக்குப் போங்க, ஆய்வாளர் வர்றாங்கல்ல. வண்டி இங்க இருக்கட்டும்" என்றார் அக்கா.

அவர் பின்னாலேயே வந்த தன் இன்னோவாவில் ஏறிப் போனதும் அக்கா என்னிடம் சாவியை எறிந்தார். "நின்ன இடத்துல ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடு."

கொடுத்தேன். எஞ்சின் சுத்தமாகப் பாடியது. டக்கும் இல்லை, டிக்கும் இல்லை.

"ஆஃப் பண்ணு. நியூட்ரல்ல போட்டுட்டு எறங்கித் தள்ளு."

"இன்னாக்கா, நாஷ்டாகூட துன்னாத ஆளை..."

"தள்ளுடா."

தள்ளினேன். ஐந்தடி நகர்வதற்குள் டக், டக், டக்.

எஞ்சின் தூங்குகிறது, சத்தம் விழித்திருக்கிறது. எனக்கே புரிந்துவிட்டது. "எஞ்சினே இல்லக்கா இது. சக்கரம்! நாலு பேரும் பல்லு வலின்னு வாயப் பாத்துக்கினு இருந்தானுங்க, முள்ளு குத்துனது குதிகால்ல."

"எந்தக் கால்?"

இரண்டு தரம் முன்னும் பின்னும் தள்ளிய பிறகு தெரிந்தது. பின் இடது சக்கரம். ஜாக்கி போட்டு அதைக் கழற்றினேன். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். பிறகு ரசித்துச் சாப்பிடுகிறவர் மாதிரி 'ம்' என்றார்.

பிரேக் டிரம்மின் உள்விளிம்பைச் சுற்றி, சம இடைவெளியில் ஏழு வெல்டிங் பொட்டு. எட்டாவது இடம் காலி. அதற்கு எதிரே, சுற்றாத தகட்டில் ஒரு சின்ன இரும்பு நாக்கு ஸ்பிரிங்கோடு முடுக்கப்பட்டிருந்தது. சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு பொட்டும் நாக்கைத் தூக்கித் தூக்கிவிடும். காலி இடம் வந்தால் சத்தமில்லை.

"பிரேக்குக்கு ஆபத்து இல்ல, டயருக்கு ஆபத்து இல்ல. சத்தத்துக்காகவே செஞ்ச வேலை" என்றார் அக்கா. "டிரம் வார்ப்பு இரும்பு. சும்மா வெல்டு வெச்சா விரிஞ்சுபோகும். பதமா சூடேத்தி, பொட்டு வெச்சு, மெதுவா ஆறவிட்டிருக்காங்க. ஒரு கீறல் இல்ல. இந்த ஊர்ல இப்படி வார்ப்பு இரும்பு ஒட்டுற கை எத்தனை இருக்கும்?"

நான் நாக்கைக் கழற்றினேன். கிரீஸுக்கு அடியில், பள்ளத்தில், மஞ்சள் ஒட்டியிருந்தது. குங்குமமும். கற்பூரக் கரி. ஒரு துண்டு கறுப்புக் கயிறு வேறு. சட்டென்று கையை உதறினேன்.

"என்னடா?"

"இது ஆள் எடுத்த இரும்புக்கா."

மில் வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது தெரியும். ஓர் ஆளைக் கொன்ற இரும்பை உலையில் போட மாட்டார்கள். எந்த முதலாளி சொன்னாலும் சரி. போட்டால் உருகிக் கம்பியாகி, அது எந்த வீட்டுக் கூரையில் போய்ச் சேருமோ! தலையை ஆட்டிவிட்டு, அந்த இரும்பை ஓரமாக எடுத்துவைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கயிறு கட்டிவிடுவார்கள். முதலாளிகளுக்கு இது தெரியாது. அவர்கள் உலைக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

"அப்போ இதோட மத்த உடம்பு அந்த மில்லுல எங்கயோ இருக்கு" என்றார் அக்கா. "சக்கரத்தை மாட்டு. போலாம்."

மில்லில் உலைக்காரர் முனுசாமி எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து இரும்பு நாக்கைக் காட்டினார். அவ்வளவுதான். மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களை உலைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

வேப்பமரத்தடியில் தகரத்துக்குக் கீழே ஒரு பழைய செயின் பிளாக் கிடந்தது. கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற சாதனம். காய்ந்த மாலை, சுருங்கிய எலுமிச்சம்பழம். உள்ளே எட்டுப் பல் சக்கரத்தில் ஒரு பல் முறிந்திருந்தது. நாக்கு இருக்கவேண்டிய இடம் காலி.

"பாரம் தூக்குற கரண்டு ஹாயிஸ்ட்டு அன்னைக்குக் காலீல ரிப்பேரு நைனா" என்றார் முனுசாமி, அக்காவைப் பார்க்கத் தைரியமில்லாமல் என்னைப் பார்த்து. "ஸ்கிராப்புல கெடந்த இத்த எடுத்து மாட்டுனாங்க. மொத பாரமே விழுந்துச்சு. சாய்ந்தரம் நாலு மணிக்கு வாட்ச்மேன் வந்து, ஆபீஸ்ல இருந்து சொல்லிட்டாங்க, இத்த இப்பவே உருக்கிடுன்னான். சுப்பராயனைக் குடிச்ச இரும்பு. நான் எப்டிப் போடுவேன்?"

"அதுக்கு முன்னாடி இதை எப்பவாச்சும் பயன்படுத்தியிருக்காங்களா?"

"நான் வந்து பதினெட்டு வருசம். வேற ஏதோ கம்பெனி கழிச்சுப் போட்ட சாமான், அந்த வாரம்தான் லாரில வந்துச்சு. ஒரே தரம்தான்."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"சுப்பராயனும் ரெண்டு வடநாட்டுப் பசங்களும். பசங்களை மறுநாளே ஊருக்கு ரயிலேத்திட்டாங்க."

அக்கா கொட்டகைக்குள் பார்த்தார். ஒரு பெண் வெல்டிங் முகமூடியோடு, முறிந்த வார்ப்புச் சட்டம் ஒன்றைக் கரிநெருப்பில் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆறவைக்கச் சாம்பல் பெட்டி. யார் அந்தக் கை என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அது சோனியா" என்று முனுசாமி முனகினார். "சுப்பராயன் பொண்ணு."

அக்கா அருகே போனதும் சோனியா முகமூடியைத் தூக்கினாள். நாக்கைப் பார்த்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பயப்படவில்லை.

"ஆமா. நான்தான். இன்னா இப்போ?"

"எதுக்கு?"

"எதுக்கா? எங்கப்பன் செத்த அன்னைக்கு எனக்கு வாரலீவு. பொணத்தைக் குடுக்கும்போதே குடிகாரன்னு எழுதின தாளையும் சேத்துக் குடுத்தாங்க. எங்க தெருவுல அத்தினி பேர் முன்னாடி படிச்சாங்க. எங்கம்மா அதுலேர்ந்து வெளிய வர்றதில்ல. அந்த ஆளு காரைக் கொழந்த மாரி தொடைக்கிறான். எங்கப்பனைக் கொன்ன இரும்பு அவன் கூடவே சுத்தணும், வூட்டு கேட்டுல, மில்லு கேட்டுல, போற எடமெல்லாம் தட்டணும்னு நெனச்சேன். செயினை நானே இழுத்துப் பாத்து, ஆயுத பூஜைக்குக் கார் கழுவ வந்தப்போ அதே தட்டு வெச்சேன். ஏழு, ஒண்ணு காலி."

"அது எதோட சத்தம்னு அவருக்குப் புரியும்னு நெனச்சியா?"

"அதெப்டிப் புரியும்? அவன்தான் அன்னைக்குத் திருப்பதிலல்ல இருந்தான்! சும்மா பேஜாரா இருக்கட்டும்னுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தருக்கு இன்றைக்கு நேரம் சரியில்லை.

"அந்தோணி, மணி என்ன?"

"மூணு ஆவப்போதுக்கா."

"சோனியா, நீயும் வா. பெரியவரே, நீங்களும்."

"என்னைப் புடிச்சிக் குடுக்கப் போறியாக்கா?"

"வான்னா வா."

கேபினில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் விக்டோரியா ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றியிருந்தார். கதவருகே சோனியாவையும் முனுசாமியையும் பார்த்ததும் வசந்தகுமாரின் முகம் மலர்ந்தது.

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டீங்க போல?"

"கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்று சொல்லி, அக்கா முனுசாமி தூக்கிவந்த செய்தித்தாள் பொட்டலத்தை வாங்கி மேஜைமேல் பிரித்தார். உள்ளே, காய்ந்த மாலையோடு அந்த செயின் பிளாக்.

வசந்தகுமார் துள்ளி எழுந்தார். "இது எப்படி வந்துச்சு? இதை அன்னைக்கே உருக்கச் சொன்னேனே!"

ஆய்வாளர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மேடம், சார் அன்னைக்கு எங்க இருந்ததா எழுதியிருக்கு?" என்று அக்கா ஆய்வாளரைக் கேட்டார்.

விக்டோரியா பக்கத்தைப் புரட்டினார். "'திருமலையில் இருந்தேன். காலை எட்டு மணிக்குக் கைபேசியைக் கவுன்டரில் ஒப்படைத்தேன். இரவு பத்து மணிக்குத் திரும்பப் பெற்ற பிறகே விபத்து பற்றித் தெரியும்.'"

"சாய்ந்தரம் நாலு மணிக்கு உருக்கச் சொல்லி வாட்ச்மேன் வந்தாம்மா" என்றார் முனுசாமி. இத்தனை நாள் அடைத்திருந்த குரல் இப்போது கணீரென்று வந்தது.

"வாய் தவறி வந்துடுச்சு. மறுநாள்தான் சொன்னேன். இந்தக் கிழவனுக்கு ஞாபகம் ஏது?" என்றார் வசந்தகுமார்.

"சரி, வாய் தவறிடுச்சு" என்றார் அக்கா. "அந்தோணி, தட்டு."

நான் கார் சாவியால் அந்த இரும்பைத் தட்டினேன். டக், டக், டக். ஏழு. நிறுத்தினேன்.

விக்டோரியா என் கையைப் பார்த்தார். முனுசாமியும் சோனியாவும் என் கையைப் பார்த்தார்கள். வசந்தகுமார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா மேடம்? கார்லயும் இதேதான்" என்றார் அக்கா. "வண்டியில சத்தம் வந்தா மனுஷன் கீழ குனிவான், இல்ல பானெட்டைப் பார்ப்பான். இவர் அண்ணாந்தார். அந்த செயின் பிளாக் ஒரே ஒரு பாரம்தான் தூக்குச்சு. அந்தச் சத்தம் இந்த மில்லுல மொத்தம் பத்து நிமிஷம் இருந்திருக்கும். எட்டாவது தட்டு வரலைன்னா மேல இருந்து விழும்னு தெரிஞ்சவர், அந்தப் பத்து நிமிஷமும் அதுக்குக் கீழ நின்னவராத்தான் இருக்கணும்."

சோனியாவுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. பழிவாங்க வைத்த பொறியில், அவள் நினைத்தே பார்க்காத மிருகம் சிக்கியிருந்தது.

வசந்தகுமார் சோனியாவை நோக்கிக் கையை நீட்டினார். "என் காரைக் கெடுத்தவ இவ! முதல்ல இவளை உள்ள தள்ளுங்க. புகார் குடுக்கறேன்!"

"தாராளமா குடுங்க. நானே எழுதித் தர்றேன்" என்றார் அக்கா. "அந்தச் சத்தம் ஏன் உங்களைத் தூங்கவிடலைன்னு கோர்ட்டுல நீங்கதான் விளக்கணும்."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். ஆளே சின்னதாகிவிட்டார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சோனியா மேஜைக்கு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே எண்ணினேன். தடுக்கிற யோசனை எனக்கு இல்லை. அவள் தன் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா தெனம் ஒண்ணே ஒண்ணு கேக்குது. கடைசியா எதனா சொன்னாரான்னு. நீதான கூட இருந்த? சொல்லு."

போனில் அவள் அம்மா சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது. "சோனியா? இன்னாடி?"

"பேசாதம்மா. கேளு."

வசந்தகுமார் கதவைப் பார்த்தார். அங்கே நான் போய் நின்றேன். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்லப் பேசினார். ஒரு மாதம் தூங்காதவனின் குரல்.

"நான்தான் பாரத்துக்குக் கீழ நின்னேன். சீக்கிரம் இழுங்கடான்னு கத்திக்கிட்டு. பல்லு உடைஞ்சிருக்கு சார், வேணாம் சார்னு அவர் ரெண்டு தரம் சொன்னார். நான் கேக்கல. சத்தம் நின்னுச்சு. அவர் மேல பார்த்தார். 'சார், தள்ளு சார்'னு என் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினார். அவ்வளவுதான்."

விக்டோரியா 'குடிபோதையில்' என்ற வரியின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டு, புதுத் தாளை எடுத்தார்.

"யாருடி பேசுறது?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அப்பா தள்ளிவிட்டுக் காப்பாத்துன ஆளும்மா" என்றாள் சோனியா. "அவன்தான் அப்பாவைக் குடிகாரன்னு எழுதுனவன்."

சின்னப்பொண்ணு அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவனை இங்க இட்டுனு வா. எங்கிட்ட சொல்ல வேணாம். எங்க தெருவுல நின்னு, அன்னைக்கி அந்தத் தாளைப் படிச்சாங்களே, அதே எடத்துல, அதே மாரி சத்தமா சொல்லச் சொல்லு."